அறுப்புக்கு முன் விட்ட தண்ணீர்

எனக்கு வாய் நீளம். நேரில் பேசும்போது இல்லை, எழுதும்போது. எதிரே முகம் இல்லையென்றால் என் விரல்களுக்குப் பல் முளைத்துவிடும்.

பழனிசெட்டிபட்டியில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். சம்பளம் இல்லாமல் எழுதியது இன்னொன்று. திராட்சைத் தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் அணைக்கவும், மண்ணின் ஈரத்தைப் பார்க்கவும் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஓடும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெட்டியை மாட்டியவன் என் கூட்டாளி. தேனியில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். முதல் பெட்டி சுருளிப்பட்டியில் என் அக்காவின் பந்தலுக்குப் போனது. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. அத்தானுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாம் அவள்தான்.

பெட்டி பரவப் பரவ ஆளாளுக்கு வேலை நேரத்தில் கூப்பிட்டு உயிரை எடுத்தார்கள். ஒருநாள் சட்டம் போட்டேன். போன் செய்யக் கூடாது, குறை இருந்தால் மென்பொருளின் இணையப் பக்கத்தில் எழுத வேண்டும், சொந்தக்காரர்களுக்கும் அதேதான். கூட்டாளி வீடு வீடாகச் சொல்லி, எழுதுவதற்கு ஒவ்வொருவருக்கும் கணக்கும் தொடங்கிக் கொடுத்தான்.

பிறகு எனக்கு ஆசை வந்தது. மண் காய்ந்திருந்தால் யாரும் சொல்லாமலே மோட்டாரைப் போட்டுவிடும் ஒரு புது வசதியை எழுதினேன். எங்கோ வெளிநாட்டில் முகம் தெரியாத ஒருவன் அதைப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றான். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளிக்குத்தான் பிடிக்கவில்லை.

"அறுப்புக்குப் பத்து நாளு இருக்கைல தண்ணி காட்ட மாட்டாக மாப்ள. மண்ணு காஞ்சுதான் கெடக்கணும். இது பாட்டுக்குத் தண்ணிய விட்டா பழம் வெடிச்சிரும். ஓடுறது ஓடட்டும். புதுச தனியா விடு, வேணுங்கறவுக போட்டுக்கிறட்டும்."

"இங்கன ஆளுக்கொரு மாசம் கொடியக் கவாத்து வெட்டுறாக. எந்த வாரம் பாத்தாலும் எங்கயாச்சும் அறுப்பு இருக்கும். அதப் பாத்தா என்னைக்குமே புதுசு விட முடியாது. நீ போயி காயிலக் கட்டு, இத நான் பாத்துக்கிறேன்."

அவன் எழுந்து போனான். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பழுது திருத்தம் என்றால் பெட்டி தானாக வாங்கிக்கொள்ளும், புது வசதி என்றால் தோட்டக்காரர் சம்மதம் வேண்டும். இது நானே வைத்த காவல். சம்மதம் கேட்டால் பாதிப் பேர் தொடவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் புது வசதிக்குப் பழுது திருத்தம் என்று பெயர் போட்டு அனுப்பினேன். அதை அணைத்தும் வைக்கவில்லை, பெட்டிக்குள் போனதுமே வேலை செய்யும்படி விட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பில் ஏழாவது வரியாக அதைச் சொல்லியிருந்தேன். என் மனசாட்சிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் என் மகளுக்குக் காதுகுத்து. அக்கா வந்து இரண்டு நாள் தங்கினாள்.

"அறுப்புக்கு எட்டு நாளுதான் கெடக்கு. தண்ணி காட்டுற வேலையில்லடா, அதான் வந்துட்டேன்" என்று சிரித்தாள். இந்த அறுப்பில் பந்தலின் கல்லுக்கால்களை மாற்றியாக வேண்டும், பாதி சாய்ந்து நிற்கிறது, இன்னொரு காற்றுக்குத் தாங்காது என்றாள். என் வீட்டுப் பந்தியில் அவள் ஓடி ஓடிப் பரிமாறிய அந்த இரண்டு நாளும் சுருளிப்பட்டியில் மோட்டார் தானாக ஓடியிருக்கிறது. ஓடுவதைப் போனுக்குச் சொல்லும் வரியை எழுத நான் மறந்திருந்தேன்.

நாலு நாள் கழித்து இணையப் பக்கத்தில் ஒரு புகார். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

"ஐயா, தண்ணி தானா ஓடி எங்க பழம் வெடிச்சிருச்சு. நான் மோட்டாரு பீஸ் கட்டையப் பிடுங்கிட்டேன். அறுப்பு வச்சிருக்கிற மத்தவுகளுக்காவது உடனே சொல்லுங்க."

அவர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நாங்கள் மென்பொருள் எழுதுவதில்லை. வாளியும் கயிறும் கடையில் கிடைக்கும்" என்று பதில் போட்டேன். கீழே பலர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதை இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல். பிறகு அந்த நபர் மேற்கொண்டு எழுத முடியாதபடி பூட்டியும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டாளி வந்தான். வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு பந்தல்ல வெடிச்சிருச்சு. அன்னைக்கே சொல்லச் சொல்லி எழுதுனாகள்ல? அது யாருன்னு தெரியுமாடா? ஒங்க அக்கா. அவுக போன் நம்பரத்தான் நான் பேரா வச்சுக் குடுத்தேன்."

சொந்த அக்காவின் நம்பர் எனக்குத் தெரியாது. போனில் அக்கா என்றுதான் இருக்கிறது. புது வசதியை எடுத்துவிட்டுப் பழையதை அனுப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடம் முந்தின வாரமும் என்னிடம் இருந்தது.

சுருளிப்பட்டிக்குப் போய்ப் பந்தலுக்குள் நுழைந்தபோது புளிச்ச வாடை மூக்கில் ஏறியது. குளவிகள் மொய்த்துக் கிடந்தன. அக்கா வெடித்த குலைகளை வெட்டி வெட்டித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா?"

"சொந்தக்காரவுகளுக்கும் அதேதான்னு சொல்லியிருந்தீகளே."

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சொல்லியிருந்தீக என்கிறாள்.

"சரி பண்ணிட்டேன்க்கா."

அவள் கத்தரியை வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனாள். பெட்டியை ஏற்கெனவே கழற்றி, துடைத்து, காதுகுத்துக்கு நாங்கள் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையில் வைத்திருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க ஐயா. படிக்கத் தெரியாத ஆளுக்கு இது எதுக்கு?"

வாங்கிக்கொண்டேன். அந்த அறுப்பில் கல்லுக்கால்களை மாற்ற முடியவில்லை, அடுத்த காற்றில் பந்தலில் பாதி படுத்துவிட்டது. விசாரிக்கப் போனேன். "வாங்க" என்றாள்.