புண் ஆறிய பிறகு

நாற்பதை நெருங்கிய வருடங்களில் கல்யாண வீடுகளுக்குப் போவதையே தவிர்த்துவந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பருப்புச் சோற்றில் அப்பளத்தை நொறுக்கியபடி, இப்போது என்ன செய்கிறேன் என்று விசாரிப்பார். ஒவ்வொரு கல்யாணத்திலும் வேறு பதில் சொல்ல வேண்டியிருந்தது. மஸ்கட்டில் கட்டட மேற்பார்வை. பிறகு தக்கலையில் செல்போன் கடை. அப்புறம் ரப்பர் ஷீட் வியாபாரம். எதிலும் பெரிய நஷ்டமில்லை. காலையில் அந்த வேலைக்குக் கிளம்பக் கால் வராது, அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனையில்கூடப் பிரசங்கம் முடியும்வரை உட்கார முடியாமல் வெளியே வந்து நிற்பேன்.

பள்ளி ஆசிரியையான மனைவியின் சம்பளத்தில் வீடு நடந்தது. அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அதுவே என்னை இன்னும் இருப்புக்கொள்ளாமல் செய்தது.

அப்போதுதான் அடுத்த வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கனத்த உடம்பு. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவியால் தனியாக முடியவில்லை. வீட்டில் சும்மா இருப்பவன் நான்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். முதுகின் அடியில் உள்ளங்கையளவு படுக்கைப்புண். முதல் நாள் வாடை தாங்காமல் பாதியில் வெளியே ஓடினேன். மறுநாளும் போனேன்.

வாரம் ஒருமுறை வந்த நர்ஸ், புண்ணைக் கழுவிக் கட்டும் விதத்தைக் காட்டித் தந்தார். டிரைவருக்குப் பேச்சு போயிருந்தது. வலித்தால் இடது கண் மட்டும் சுருங்கும். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் கையை நகர்த்துவேன். ஒருநாள் அவர் மனைவி வாசலில் வந்து நின்றார்.

“மக்கா, மத்தியானம் ஆயாச்சு. உனக்குப் பசிக்கல்லியா?”

காலையில் வந்தவன் நான். அதுவரை ஒருதடவைகூட செல்போனை எடுத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மெல்ல மெல்லப் புண் ஆறியது. அவர்களுடைய மகள் வந்து இருவரையும் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனாள். அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கு, பூட்டிய அந்த வீட்டின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. பைக்கை எடுத்து வயல்களுக்கு நடுவே சுசீந்திரம்வரை போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை, திரும்பினேன். முந்தைய வேலைகளை விட்டபோதெல்லாம் மூச்சுவிட முடிந்தது. இது கையைவிட்டுப் போனபோது மூச்சு முட்டியது.

அந்த நர்ஸைத் தேடிப்போய், இந்த வேலையை முறையாகப் படிக்க வழி கேட்டேன். நோயாளிகளை வீட்டில் பராமரிக்கப் பயிற்சி தரும் ஓர் இடத்தைச் சொன்னார். அன்று சாயங்காலம் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்தாள்.

“இதையும் பாதியில விட்டிருவியளா?”

“தெரியல்ல. ஆனா இது இல்லாம இருக்க முடியல்ல.”

“அப்போ போங்க,” என்றாள்.

வகுப்பில் எல்லோரும் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகள். என்னை அங்கிள் என்றார்கள். பாடம் அவர்களுக்குச் சட்டென்று ஏறியது. எனக்கு மருந்துப் பெயர்கள் நாக்கில் புரளவில்லை. ஊரில் கூடப் படித்தவன் ஒருவன், பீ மூத்திரம் அள்ளவா மஸ்கட்டிலிருந்து வந்தாய் என்று கேட்டான். அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனாலும் காலையில் பஸ் பிடித்தேன்.

இப்போது தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். மனதின் பரபரப்பு முழுசாகப் போய்விடவில்லை. இழந்த வருடங்களை நினைத்தால் நடந்துகொண்டே இருக்கத் தோன்றும். போன வாரம் படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு மீனவருக்கு நகம் வெட்டினேன். அவர் மகன் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டி முடித்ததும் கேட்டான்:

“அண்ணா, அடுத்த வாரமும் நீங்கதான வருவிய?”

நான்தான் வருவேன் என்றேன். சொன்ன பிறகுதான், யோசிக்காமலே சொல்லிவிட்டது தெரிந்தது.