மூடி அக்காவின் இரண்டு நொடி

அலுவலகத்தில் அவளுக்கு மூடி அக்கா என்று பெயர். யார் எழுதிய கணினி நிரலைப் பார்க்க உட்கார்ந்தாலும், திறந்த ஃபைலை மூடியாச்சா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. வீட்டில் நிலைமை தலைகீழ். சர்க்கரை டப்பா, பற்பசை, தண்ணீர் பாட்டில் என்று அவள் கை பட்ட எதற்கும் மூடி இருக்காது. மூடியெல்லாம் ஆபீசுக்கே போய்விடுகிறது என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் வேலை சி என்ற கணினி மொழியில். அங்கே பின்னாலேயே வந்து எடுத்துவைக்க ஆள் கிடையாது. மெமரி கேட்டு வாங்கினால் வாங்கியவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். மறந்தாலும் ஆபத்து, இரண்டு முறை கொடுத்தாலும் ஆபத்து. நடுவில் ஏதாவது தவறினால் பாதியில் ஓடிவந்துவிடக் கூடாது. கடைசியாக எடுத்ததை முதலில் விட்டு, ஒவ்வொன்றாக மூடிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். இதைச் சோதிக்க அவள் கொஞ்சம் ஈவிரக்கமில்லாமல் நடந்துகொள்வாள். நிரல் முதல் தடவை மெமரி கேட்கும்போது, கணினியை இல்லை என்று கைவிரிக்க வைப்பாள். அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் தடவை கைவிரிப்பாள். இப்படி எந்த இடத்தில் கைவிடப்பட்டாலும் தடுமாறாமல் நின்றால்தான் அவளிடம் அதற்கு மரியாதை. மனிதர்களிலேயே அப்படி எத்தனை பேர் நிற்கிறோம்?

அவர்கள் தயாரித்தது பேச முடியாதவர்களுக்கான கையடக்கக் கருவி. வேண்டிய வாக்கியத்தைத் தட்டினால் அது பேசும்; சேமித்துவைத்தால் அடுத்த தடவை பொத்தானை அமுக்கினாலே பேசும். அவளுடைய அண்ணனிடமும் ஒன்று இருந்தது. காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவர் அவர். நோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு, நாலு வருஷமாகச் சேர்த்த வாக்கியங்கள்தான் அவருடைய குரல். மனைவியைச் சமாதானப்படுத்த ஒன்று, மகளைச் சீண்ட ஒன்று, வம்பளக்க வருகிறவர்களை மட்டம் தட்டவே ஒரு பக்கம். பழைய கருவி என்பதால் நகல் எடுத்துவைக்கும் வசதி கிடையாது.

வில்லங்கம் சேமிக்கும் இடத்தில் வந்தது. சேமிப்பதற்கென்று அவள் எழுதிய லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு, எல்லாவற்றையும் புதிய ஃபைலில் எழுதும். கருவியின் மெமரி கார்டுக்குள் முழுசாக இறங்கியதா என்று பார்க்கும். மூடும். மூடியதும் சரிதானா என்று கேட்கும். அதற்குப் பிறகே பழைய ஃபைலின் பெயரைப் புதியதற்குக் கொடுக்கும். இதற்கு இரண்டு நொடி ஆனது. அந்த நேரம் கருவி அசையாமல் நிற்கிறது என்று, மொத்தமாக வாங்க வந்த மருத்துவமனைக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

மேலாளர் குறுக்கு வழி ஒன்று வைத்திருந்தார். பழைய ஃபைலையே திறந்து அதிலேயே எழுதிவிடுவது. ஆனால் அப்படித் திறந்த கணத்திலேயே பழையது மொத்தமும் அழிந்துவிடும். புதியதை எழுதி முடிப்பதற்குள் மெமரி கிடைக்காமல் போனாலோ, பேட்டரி தீர்ந்தாலோ, பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

“லட்சத்துல ஒருத்தருக்கு நடக்கும்மா. அதுக்காக எல்லாரையும் காக்க வைக்கணுமா?” என்றார் மேலாளர்.

“அந்த ஒருத்தருக்கு ரெண்டாவது தடவையும் குரல் போகணுமா சார்?” என்றாள் அவள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. நாளைக் கூட்டத்தில் மருத்துவமனைக்காரர்களே முடிவு செய்யட்டும், அவர்கள் வேண்டாம் என்றால் உன் முறையை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்துக்கு அவள் அண்ணனை அழைத்துவந்தாள். அவர் கருவியில் ஓடியதும் அவள் முறைதான். மேசையில் சோதனைக்கென்று ஒரு காலிக் கருவி இருந்தது. சேமிக்கும் நடுவில் அதன் பேட்டரியைப் பிடுங்கிக் காட்டுவது அவள் திட்டம். மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவுத் தலைவி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இதில் தொலைந்துபோக ஒன்றுமே இல்லையே, இது என்ன சோதனை என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் தன் கருவியின் பின்பக்கத்தைக் கழற்றினார். திரையில் நிதானமாக ஏதோ தட்டினார். சேமிக்கும் பொத்தானை அமுக்கினார். அமுக்கிய கையோடு பேட்டரியை உருவி மேசையில் வைத்தார்.

“அண்ணா, என்ன காரியம் பண்ணிட்டே?”

நாலு வருஷத்துக் குரல் அந்தச் செத்த திரைக்குள் கிடந்தது. அண்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். பேட்டரியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

அவள் அதைப் பொருத்தினாள். திரை விழித்தது. அரைகுறையாக நின்ற புதிய ஃபைலைக் கருவி தானே அப்புறப்படுத்தியது. பட்டியல் ஒவ்வொரு வரியாக ஏறி வந்தது. அண்ணியைச் சமாதானப்படுத்துவது இருந்தது. மகளைச் சீண்டுவது இருந்தது. மட்டம் தட்டும் பக்கம் ஒரு வரி குறையாமல் இருந்தது. சற்றுமுன் தட்டிய வாக்கியம் மட்டும் இல்லை. அது இல்லாததும் அவள் எழுதிவைத்தபடிதான்; இருந்தால் முழுசாக இருக்க வேண்டும், பாதியாக எதுவும் தங்கக் கூடாது. யார் கண்ணிலும் பட்டிராத தன் நிரல் வரிகளை நினைத்து அவளுக்கு நெஞ்சு விம்மியது. மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதினே?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

அவர் மறுபடி முதலிலிருந்து தட்டினார். கருவி பேசியது.

“தொண்டை கட்டினப்பவே டாக்டரைப் பாருன்னு இவ சொன்னா. நான் கேக்கல. நீங்களாவது இவ பேச்சைக் கேளுங்க.”

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அதைச் சேமிச்சு வைங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நாங்க காத்திருக்கிறோம்” என்றார்.

அண்ணன் பொத்தானை அமுக்கினார். மேலாளரும் எட்டிப் பார்த்தபடி காத்து நின்றார்.