பலகையில் எழுதிய பிறந்த நேரம்

மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. சரியாக எத்தனை நாட்கள் என்று சொல்ல முடியாது. தத்தெடுப்பு மையத்தில் கொடுத்த கோப்பில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ‘உத்தேசமாக’ என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். பிறந்த நேரம், எடை என்ற இரண்டு கட்டங்களில் சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தது.

மையத்தின் பொறுப்பாளராக இருந்த அம்மா, குழந்தையை என் கையில் கொடுக்கும் முன் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “தத்து குடுத்து கலெக்டர் ஆர்டர் வர்ற வரைக்கும் பாப்பா படம் எங்கயும் வெளிய போகக் கூடாதும்மா. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கூட வேண்டாம். சட்டப்படி அவ இன்னும் எங்க பொறுப்புலதான் இருக்கா. உங்ககிட்ட வளர்க்கக் குடுத்திருக்கோம், அவ்வளவுதான்.” நானும் கணவரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டோம். குழந்தையைப் பார்த்துக்கொண்டே போட்ட கையெழுத்து. அன்றைக்கு எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர் அறையில் ஏழெட்டு வருடங்களாக மற்றவர்களின் குழந்தைப் படங்களைப் பார்த்து வந்தவள். கூடைக்குள் துணி சுற்றித் தூங்கும் குழந்தை, பக்கத்தில் சின்ன மரப்பலகை, அதில் பெயர், நேரம், எடை. ஒவ்வொரு முறையும் “ரொம்ப அழகா இருக்கு” என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் அப்படி ஒரு படம் வேண்டுமென்று இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊரப்பாக்கத்தில் குழந்தைகளைப் படமெடுக்கும் பெண் ஒருத்தி இருப்பதைச் சொன்னது அஸ்தினாபுரத்தில் இருக்கும் என் நாத்தனார். அவர் மகள் மாசமாக இருந்தபோது படமெடுத்தது அந்தப் பெண்தான். மகள் வந்த மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

“பாப்பாவுக்கு எத்தனை நாளாச்சுக்கா?”

“நாலு மாசம் ஆகப்போகுது.”

“ஐயோ, நியூபார்ன் ஷூட்டுன்னா பதினஞ்சு நாளுக்குள்ள எடுக்கணும்கா. இப்ப கை காலை மடக்கி வைக்க முடியாது, ஒதைக்கும். ஏன்கா இவ்ளோ லேட் பண்ணீங்க?”

அவளே தொடர்ந்தாள். “பரவால்ல. கூடை கொஞ்சம் பெருசா வச்சு எடுத்துடலாம். ஒரு ஃபார்ம் அனுப்புறேன், ரொப்பி அனுப்புங்க.”

“படத்தை எங்கயும் போட்டுடாதீங்க. பேஜ்ல எல்லாம் வேண்டாம்.”

“ஏன்கா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “கண்ணு படும்னு வீட்ல சொல்றாங்க” என்றேன். அவள் சிரித்து, “சரிக்கா, சரிக்கா” என்றாள்.

ஃபார்மில் சுகப்பிரசவமா, அறுவையா என்று ஒரு கேள்வி. பிறந்த நேரம், எடை என்று இரண்டு. பலகையில் எழுத வேண்டுமாம். அறுவை என்று போட்டேன். எடை இரண்டு கிலோ எண்ணூறு. நேரத்தில் வந்து நின்றுவிட்டேன். பிறகு காலை 6.40 என்று தட்டினேன். ஏன் அந்த நேரம் என்று கேட்டால் தெரியாது. காலையில் பிறந்திருப்பாள் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கணவர் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிறவர்.

“இது யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. பலகைக்கு வேணுமாம்.”

“அவ பொறந்த நேரத்த நாம எப்படிம்மா எழுதறது? அது அவளோடது இல்லையா?”

“ஒரு படத்துக்குத்தானேங்க.”

“அதான் சொல்றேன். படம்னா இருந்துகிட்டே இருக்கும்.”

நான் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை போனோம். அவள் வீட்டு மாடியில்தான் ஸ்டூடியோ. குழந்தைக்குக் குளிரக் கூடாதென்று ஏசி போடாமல், ஜன்னல்களையும் மூடி வைத்திருந்தாள். உள்ளே போன ஐந்து நிமிடத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. குழந்தை என்னவோ சந்தோஷமாக இருந்தாள். கூடையிலிருந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அந்தப் பெண் வேலையில் கெட்டி. ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தாங்கி, மறு கையால் துணியைச் சரிசெய்து, நாக்கால் சத்தம் கொடுத்துக்கொண்டே எடுத்தாள். பலகையில் வெள்ளைப் பென்சிலால் எழுதினாள், துடைத்தாள், மறுபடி எழுதினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எந்த ஆஸ்பத்திரிக்கா?” என்று நடுவில் கேட்டாள்.

“அம்மா வீட்டுப் பக்கம்.”

“தையல் வலி எல்லாம் போயிடுச்சா?”

“ம்.”

கணவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

பதினொரு மணிக்குக் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. “பால் குடுங்கக்கா. அப்படியே ஒரு படம் எடுத்துடறேன், முகம் மட்டும் தெரியற மாதிரி. நிறைய பேர் ஆசையா கேப்பாங்க. சார் கொஞ்ச நேரம் கீழ இருக்கட்டும்” என்றாள்.

வேண்டாம் என்றேன். கூச்சப்படாதீங்க, நானும் பொண்ணுதானே என்றாள். வேண்டாம் என்று மறுபடி சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதாள். பால் பாட்டிலும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் காரில் இருந்தன. கணவர் இறங்கிப் போய் எடுத்து வந்து, படமெடுக்கிறவளுக்கு முன்னாலேயே பவுடரைக் கலந்தார். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு லென்ஸைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

இதற்கெல்லாம் ஏன் இப்படிப் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் தப்பாக நினைத்திருக்கப்போவதில்லை. ஆனால் அந்த வாரங்களில் யார் என்ன கேட்டாலும், நீ இவள் அம்மாதானா என்று கேட்பதுபோலவே என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை இருக்கும், நாத்தனார் போன் செய்தார்.

“ஏம்மா, பாப்பா படம் எங்கயும் போடக் கூடாதுன்னு சொல்லியிருந்தியே? அந்தப் பொண்ணோட இன்ஸ்டாகிராம்ல வந்திருக்கே. எம் பொண்ணு காட்டறா.”

“முகம் தெரியுதா அண்ணி?”

“நல்லா தெரியுது. பக்கத்துல பலகை. ஆறு நாப்பதுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு நேரமெல்லாம் குடுத்தாங்களா என்ன?”

நான் போனை வைத்துவிட்டேன். படமெடுத்தவளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. கணவர் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொன்னதும் மறுபடி பொத்தானைப் போட்டார். “கிளம்பு” என்றார்.

பெருங்களத்தூரில் வண்டிகள் நகரவில்லை. வெளியூர்ப் பேருந்துகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. குழந்தை என் மடியில் தூங்கினாள். நிமிடத்துக்கு ஒரு முறை அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் அங்கே கூடைக்குள் காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். மையத்தில் யாராவது பார்த்திருப்பார்களா? அவளைப் பெற்றவள் எங்காவது இருந்து பார்ப்பாளா? பார்த்தால் அந்த நேரம் பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியுமே.

“கேஸ் ஆகுமாங்க?” என்றேன்.

“தெரியாது.”

“பாப்பாவத் திரும்பக் கேட்டா?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வண்டலூர் மேம்பாலம் ஏறி இறங்கியது. பிறகு, “நீ அத இப்ப சொல்லாத” என்றார்.

நாங்கள் போனபோது அவள் மாடியில் வேறொரு குழந்தையை எடுத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாள். தோளில் ஒரு துணியோடு படியிறங்கி வந்தாள்.

“அக்கா! ஆல்பம் இன்னும் ரெடியாகலையே.”

“படத்த எடுங்க. இப்பவே எடுங்க.”

“எந்தப் படம்? ஓ, அந்த ஸ்டோரியா? அது நாளைக்குத் தானா போயிடும்கா. பேர்கூடப் போடலையே.”

“போட வேண்டாம்னு சொன்னேன் இல்ல?”

“கண்ணு படும்னுதானேக்கா சொன்னீங்க? எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க, அப்புறம் அவங்களே ஷேர் பண்ணுவாங்க. அதான் கன்னத்துல பொட்டு வச்ச படமா பாத்துப் போட்டேன்.”

அவள் அதை நல்லெண்ணத்தோடு செய்திருந்தாள். அது புரிந்தும் என் கோபம் அடங்கவில்லை. “அவ இன்னும் எங்க பொண்ணு இல்ல” என்றேன். அதற்குமுன் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மிச்சத்தைக் கணவர் சொன்னார். தத்து எடுத்தது, ஆர்டர் இன்னும் வராதது, படம் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருப்பது எல்லாம்.

“இன்னாக்கா சொல்றீங்க?” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. மாடிக்கு ஓடிப் போனை எடுத்து வந்து, எங்கள் முன்னாலேயே அழித்தாள். அழிக்கும் முன் யார் யார் பார்த்தார்கள் என்று காட்டினாள். விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

“யாராவது எடுத்து வச்சிருந்தா?”

“அது தெரியாதுக்கா.” படியில் உட்கார்ந்துவிட்டாள். “மொதல்லயே சொல்லியிருந்தா போட்டிருப்பேனா? நான் என்ன அப்படிப்பட்டவளா?” என்றாள். பிறகு நினைவு வந்தவளாக, “அப்ப அந்த நேரம்?” என்று கேட்டாள்.

“நானா எழுதினதுதான்.”

“கோணலா இருக்குன்னு ரெண்டு தடவ அழிச்சு எழுதினேனேக்கா” என்றாள்.

பலகை இருக்கும் படங்களை மட்டும் மொத்தமாக அழித்துவிடச் சொன்னேன். மேலே ஒரு குழந்தை அழுதது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

“எடுத்தாச்சு இல்ல, விட்டுடு” என்றார் கணவர், திரும்பி வரும்போது. என்னால் முடியவில்லை. மறுநாள் காலை மையத்துக்கு நானே போன் செய்தேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார்.

“எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“ஆறு மணி நேரம் இருக்கும் மேடம்.”

“நடந்தத அப்படியே எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

“பாப்பாவ…” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இப்ப போன்ல சொல்ல முடியாதும்மா. எழுதி அனுப்புங்க.”

எழுதினோம். பொய் நேரத்தையும் சேர்த்து எழுதினோம். அதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன், கணவர் கேட்கவில்லை. அதன் பிறகு பதினெட்டு நாட்கள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில்தான் மகள் முதல் தடவையாகக் குப்புற விழுந்தாள். கூப்பிட்டுச் சொல்ல எல்லாரும் இருந்தார்கள், நான் யாரிடமும் சொல்லவில்லை. அழைப்பு மணி அடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். கூரியர்காரர் இரண்டு தடவை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பத்தொன்பதாவது நாள் அந்த அம்மாவே நேரில் வந்தார். சமையலறையைப் பார்த்தார், தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கி எடையைக் கையாலேயே பார்ப்பதுபோல் அசைத்தார். பிறகு உட்கார்ந்து என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். “உங்க ஆசை எனக்குப் புரியாம இல்ல. ஆனா இது ஆசை விஷயம் இல்லம்மா. ஒரு கொழந்தையோட பாதுகாப்பு.” தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “நீங்களே சொன்னீங்க. வேற யாராவது சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ரிப்போர்ட்ல எழுதறதே வேற மாதிரி இருந்திருக்கும்” என்றார். அவர் போன பிறகு கணவர் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஆல்பமும் வந்துவிட்டது. அந்தப் பெண் நல்ல துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். நல்ல படங்கள்தான். ஆனால் நானும் மகளும் சேர்ந்திருக்கும் எல்லாவற்றிலும் அவள் என்னைப் பார்க்கிறாள், நான் படமெடுக்கிறவளைப் பார்க்கிறேன். அடுத்து என்ன கேட்கப்போகிறாளோ என்று.

அதன் பிறகு இரண்டரை மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், கலெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று மையத்திலிருந்து போன் வந்தது. கணவரைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை.

“என்ன? சத்தமா சொல்லு.”

“ஆர்டர் வந்துடுச்சு!”

“என்னது வந்துச்சு?”

மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். இடுப்பிலிருந்த மகள் பயந்துபோய் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழைப்பைத் துண்டித்துப் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவளைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டு நடந்தேன். போன் திரும்பத் திரும்ப அடித்தது. அவள் விக்கல் அடங்கும் வரை அவரைக் காக்க வைத்தேன்.