பாராத் கரில் ஒரு காலை முகூர்த்தம்

காலை ஐந்து பத்துக்கு அப்பா கூடத்தின் கதவைத் தட்டியபோதுதான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பேச்சுக் குரல்களும், நடுநடுவே யாரோ மந்திரம் சொல்வதும் கேட்டன. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக எடுத்திருந்த கூடத்தில், நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

தை மாதம். சரோஜினி நகர் முழுக்க மூடுபனி. அப்பாவின் கையில் குத்துவிளக்கு, என் கையில் வெற்றிலைக் கூடை. எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் இந்தி காய்கறி வாங்குவதைத் தாண்டிப் போனதில்லை. அதனால் எங்கே பேச்சுவார்த்தை என்றாலும் என்னை எழுப்பிக் கூட்டிப்போய்விடுவார்.

அந்தக் கூடம் அரசாங்கக் குடியிருப்புகளுக்கு நடுவே, பூங்காவை ஒட்டி இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம். வாசல் பலகையில் சமுதாயக் கூடம் என்று இந்தியில் எழுதியிருக்கும். அப்பா கம்யூனிட்டி சென்டர் என்பார். மற்ற எல்லோருக்கும் அது பாராத் கர், மாப்பிள்ளை ஊர்வலம் வந்து இறங்கும் வீடு. பகலில் அங்கே பெண்களுக்குத் தையல் வகுப்பு, சாயங்காலம் கேரம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. பொங்கலுக்கு ஒரு நாள் தமிழர்களுக்குக் கிடைக்கும். குளிர்கால இரவுகள் பஞ்சாபிக் கல்யாணங்களுக்கு. அவர்கள் இரவெல்லாம் கல்யாணம் செய்து, விடிந்தபின் பெண்ணை வழியனுப்பிவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்வார்கள். கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் காலையில் தாலி கட்டியதில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று கேட்டிருந்தார். பதிவேட்டில் எழுதிக்கொண்ட கூடத்து ஆள் ஞாயிறு சாயங்காலம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணம் எந்த நேரத்தில் நடக்கும் என்பது இரண்டு பேருக்குமே உலகத்துக்கே தெரிந்த விஷயமாக இருந்ததால், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தவர் பெரிய உருவம், ரோஜா நிறத் தலைப்பாகை, தோளில் சால்வை. அங்கே நடந்த கல்யாணத்தின் பெண்ணுக்கு அப்பா.

“க்யா ஹுவா, பாயி சாப்?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“ஆறு மணிக்கு இங்க நமக்குக் கல்யாணம்னு சொல்லு,” என்றார் அப்பா என்னிடம்.

சொன்னேன். அவர் இருட்டைப் பார்த்தார், பிறகு அப்பாவின் குத்துவிளக்கைப் பார்த்தார். காலை ஆறு மணிக்குக் கல்யாணம் செய்கிறீர்களா, ரயில் பிடிக்கப் போகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“ஏழரையோட முகூர்த்தம் முடியுதுன்னு சொல்லும்மா.”

எங்கள் பண்டிட் எப்போது முடிக்கிறாரோ அதுதான் முகூர்த்தம் என்று பதில் வந்தது. ஆனால் அவர் எங்களைத் துரத்தவில்லை. குளிரில் குழந்தையை நிறுத்தாதீர்கள் என்று உள்ளே இழுத்து, என் கையில் சூடான பால் கொடுத்தார். நடுக்கூடத்தில் அக்னிக்கு முன்னால் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை பூச்சரம் முகத்தை மறைக்கத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அப்பா விளக்கைக் கீழே வைக்காமலே நின்றார்.

அன்று எங்கள் வீட்டுக் கல்யாணப் பெண் என் அத்தை, அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் போனபின் எங்களோடுதான் இருந்தாள். அதற்கு முன் ஒரு சம்பந்தம் நிச்சயதார்த்தம் வரை வந்து நின்றுபோயிருந்தது. இதுவும் நின்றால் இனி யாரும் வாசல் ஏறமாட்டார்கள் என்று அம்மா சமையலறையில் சொன்னதை நான் கேட்டிருந்தேன். யார் எதற்காக ஏறாமல் போவார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி, ஏறுவது கஷ்டந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குச் சம்பந்தி வீட்டார் ஜனக்புரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சிநேகிதரின் காரில் பின்னால் வருகிறார் என்றார்கள். கல்யாணத்தைத் திருச்சியில் வைக்காமல் இந்தக் குளிருக்குள் வரவழைத்துவிட்டோம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல்.

“என்ன சம்பந்தி, உள்ள வேற ஒரு மாப்பிள்ளை உக்காந்திருக்கான்?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா வாயைத் திறப்பதற்குள், தலைப்பாகைக்காரர் இவர்கள் யார் என்று என்னைக் கேட்டார். பிள்ளை வீட்டார் என்றேன். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பாவை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டார். பிள்ளை வீட்டார் யார் வீட்டு வாசலில் வந்தாலும் அவர்களுக்கு அதுதான் மரியாதையாம். இறக்கிவிடப்பட்டவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நல்ல மனுஷன்,” என்று மட்டும் சொல்லி, கொடுத்த ஜிலேபியைத் தின்னத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா எதையும் தின்னவில்லை.

ஏழு மணி வாக்கில் அவர்கள் கல்யாணம் முடிந்தது. அம்மா அத்தையைக் கூட்டிக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கியதும், உள்ளேயிருந்து அந்தப் பெண்ணை வழியனுப்பக் கொண்டுவந்ததும் ஒரே நேரம். திடீரென்று எல்லோரும் அழுதார்கள். பெண் அழுதாள், அவள் அம்மா அழுதாள், கொஞ்ச நேரம் முன் ஆளைத் தூக்கிய அந்தப் பெரிய மனிதர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துபோனேன். யார் என்று கேட்க ஆளில்லை. பெண்ணை ஏற்றிக்கொண்டு கார் பனிக்குள் போனது. திரும்பிப் பார்த்தால் அத்தையும் அழுதுகொண்டிருந்தாள்.

கூடம் கிடைக்காததற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். “இப்பக் காலியாயிடும் அத்தை,” என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அழாதடி, மை கரையுது. அவங்க பாக்கறாங்க,” என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்போதுதான் மகளை அனுப்பிவிட்டு நின்ற அந்த அம்மா அத்தையைப் பார்த்தாள். அருகில் வந்து முகத்தைக் கையில் ஏந்தி, “இஸ்கி மா கஹான் ஹை?” என்று என்னிடம் கேட்டாள். இவள் அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? “நஹீ ஹை,” என்றேன், கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வதைப் போல. அவள் அத்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் அழத் தொடங்கினாள். அத்தையும் கூச்சத்தை விட்டு வாய்விட்டு அழுதாள்.

“தாலி கட்டற வாசல்ல இப்படியா ஒப்பாரி வைப்பாங்க?” மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது. “இது வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம். பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க.”

“இன்னொரு நாள்னு சொல்லாதீங்கம்மா,” என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் புரோகிதர் தன் கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள், எங்கள் பக்கம்தான் ஏதோ துக்கம் என்று நினைத்து, வேலையை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது, அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குத் தினமும் ஃபோன் செய்து காலைதானே, காலைதானே என்று கேட்கிறேன். “போதும்மா, அவங்க உன் நம்பரையே பிளாக் பண்ணிடுவாங்க,” என்கிறாள் மகள். எனக்குப் பயம் மண்டபத்தைப் பற்றி என்று அவள் நினைக்கிறாள். நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று ஏழே காலுக்கு மேல் இருக்கும். பனிக்குள்ளிருந்து மாப்பிள்ளை நடந்து வந்தார். பட்டு வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், முழங்கால் வரை ஈரம். ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளுக்குள் கார் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததாம், இறங்கி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரிடம் பேசினார்கள். கிளம்பு என்றாள் அவர் அம்மா. நேரமில்லை, மணையில் உட்காருங்கள் என்றார் புரோகிதர். அப்பா கையைக் கூப்பினார், விளக்கோடு சேர்த்து. நானும் ஏதோ சொன்னேன், இந்தியில்.

மாப்பிள்ளை அந்தப் பஞ்சாபி அம்மாவின் தோளில் முகம் புதைத்திருந்த அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுருட்டி வைத்திருந்த மெத்தை ஒன்றின் மேல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். இவருக்கு மணி பார்க்கத் தெரியாது போலிருக்கிறது, அத்தையை இவருக்கா கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஏனென்றால் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்து அவர் சொன்னது இதுதான்:

“அவங்க அழுது முடிக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”