பக்கம் பத்தொன்பதின் அரக்கு நிறம்

துக்கம் கேட்கப் போன வீட்டில் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் மனைவியின் பெரியப்பா தவறிப்போனார். கருமாதிப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார்கள். இடது ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர், வலது ஓரத்தில் முக்கால். எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் அளந்து உறுதி செய்துகொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டாள்.

"பெரியப்பா படம் போட்டிருக்கே, அதையாச்சும் பாத்தீகளா?" என்று ஸ்கேலைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் அந்தக் கையேட்டால் வந்த வினை. நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் அச்சாகும் எதுவும் எப்படி இருக்கவேண்டும் என்று விதிகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என் திறமையைப் பார்த்துக் கொடுத்ததாக வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கக் கூட்டிய கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

அதுவரை ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு அச்சடித்துக்கொண்டிருந்தது. தாவரவியல்காரர்கள் பல்கலைக்கழகச் சின்னத்தையே பச்சையாக்கிவிட்டார்கள். உடற்கல்வித் துறை அதை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து முட்டையாக்கியிருந்தது. நான் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தேன். எழுத்துருக்களின் வரலாறு, தாளின் கனம், வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு மூச்சு விடவேண்டும் என்பது உட்பட. படிக்கப் படிக்கக் காதலில் விழுந்தவன் மாதிரி ஆகிவிட்டேன். பேருந்துக் கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸைக்கூட ஏக்கத்தோடு பார்த்தேன்.

கையேட்டின் ஏழாவது விதி என் செல்லப்பிள்ளை. "சின்னத்தின் அரக்கு நிறம் ஓர் இம்மியும் மாறக்கூடாது. பக்கம் பத்தொன்பதில் உள்ள கட்டமே அளவுகோல்." 'இம்மி' என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. தடித்த எழுத்தில் போட்டேன்.

ஐம்பது பிரதி மட்டும் அச்சிட்டுப் பதிவாளரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கையில் பார்த்தால்தான் நம்புகிறவர்.

"பட்டமளிப்பு விழா மலர் வரட்டும். அதையும் உங்க கையேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பேன். ஒத்துப்போச்சுன்னா அன்னைக்கே எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை. இல்லைன்னா கையேடு பீரோவுக்குள்ள போயிரும்" என்றார்.

அந்தப் பீரோவை எனக்குத் தெரியும். உள்ளே போன எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. என் இரண்டு வருடம் அதன் வாசலில் நின்றது.

மலரின் மேலட்டை அச்சில் ஓடும் நாளன்று காலையிலேயே விருதுநகரில் பஸ் ஏறித் திருத்தங்கலில் இறங்கினேன். கையேட்டை அச்சிட்ட அதே அச்சகம்தான். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. பூச்சட்டிப் பட்டாசு லேபிள்களும் கம்பி மத்தாப்பு டப்பா அட்டைகளும் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அந்த மை வாசனைக்கு எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்தன்று கூட இப்படி அடிக்கவில்லை. இதை மனைவி படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மெசின் ஓட்டும் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க சார். இம்புட்டு வெள்ளனவே வந்துட்டீக. சாப்பிட்டீகளா?"

"அதெல்லாம் ஆச்சு. இன்னைக்கு நீங்க எதையும் மாத்தக்கூடாது. நான் அனுப்புனது எப்படியோ அப்படியே ஓடணும்."

"அப்படியே ஓட்டிருவோம்."

மெசின் உறுமியது. முதல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினேன். ஓரங்கள் சரி. எழுத்து சரி. சின்னத்தின் அளவு அட்சர சுத்தம். பக்கம் பத்தொன்பதை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். கையேட்டின் கட்டம் மருதாணி பிடித்த விரல் போலப் பளிச்சென்று சிவந்திருந்தது. புது அட்டையோ பழைய தபால் முத்திரை அரக்கு மாதிரி மங்கலாக இருந்தது.

"அண்ணாச்சி! கலர் போச்சு!" என்று கத்தினேன்.

அவர் வந்து இரண்டையும் பார்த்தார். பதற்றமே இல்லை. "போகல சார். இதுதான் நீங்க அனுப்புன கலரு. உங்க கழுத்துல தொங்குதுல்ல, அதை வச்சுப் பாருங்க."

என் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். புது அட்டையோடு அச்சாகப் பொருந்தியது. அப்படியென்றால் தப்பாக இருந்தது என் கையேடு.

"அப்ப இதுல எப்படி இந்தச் சிவப்பு வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன்" என்றார், மொய் எழுதியதைச் சொல்வது போல. "உங்க கையேடு ஓட்டுன அன்னைக்கு சாணி கணக்கா விழுந்துச்சு சார். படிச்சவுக புஸ்தகம், இப்படி டல்லடிச்சுப் போனா நம்ம பிரஸ்ஸைத்தான ஏசுவாகன்னு, சிவப்பு மையைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டு எடுத்துக் குடுத்தேன். நீங்க கூட பாத்துட்டு 'பிரமாதம் அண்ணாச்சி'ன்னீகளே!"

சொன்னேன்தான். பட்டாசு டப்பா அச்சடிக்கும் ஊரில், கண்ணைப் பறிக்காத சிவப்பு ஒரு குறை. வாடிக்கையாளர் கேட்காமலே அதைத் தீர்த்துவைப்பது மரியாதை. இந்த ஊர்ப்பக்கமே பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தச் சிவப்புதான் சரியாகப் பட்டிருக்கிறது. கழுத்தில் ஆண்டுக்கணக்காகத் தொங்கியதை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"சட்டுனு சொல்லுங்க சார், பூச்சட்டி லோடு காத்துக் கெடக்கு. நீங்க அனுப்புன மாதிரி ஓட்டவா, நீங்க எழுதுன மாதிரி ஓட்டவா?"

நேர்மையாக இருந்தால் மலர் சரியாக வரும், கையேடு பீரோவுக்குப் போகும். நான் யோசித்தது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

"எழுதுன மாதிரியே எடுத்துக் குடுங்க அண்ணாச்சி."

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. அவர் சிவப்பைத் திறப்பார், ஷீட் விழும், நான் ஜன்னலுக்கு ஓடுவேன். "இன்னும் கொஞ்சம்!" மறுபடி ஓட்டம். பைண்டிங்கில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "இப்ப கூடிப்போச்சு", "இல்லக்கா, இன்னுங் கொஞ்சம் வரணும்" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஒன்பதாவது ஷீட்டில் கையேட்டை வைத்தேன். கட்டம் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. என் வயதுக்குப் பொருந்தாத ஒரு குதி குதித்தேன். அந்த ஷீட்டின் ஓரத்தில் என் கையெழுத்தை வாங்கி, அதைப் பார்த்தே மற்றதெல்லாம் ஓடவேண்டும் என்று அண்ணாச்சி மெசின் பக்கத்தில் தொங்கவிட்டார். எந்த விருதும் எனக்கு அப்படி இனித்திருக்காது. எந்த விருதும் வாங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

மறுவாரம் பதிவாளர் அறைக்குள் நுழையும் முன் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னபடியே இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஓரங்களை அளந்தார். பக்கம் பத்தொன்பதுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்க எழுதுனபடியே ஓர் இம்மியும் மாறல" என்று சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கையெழுத்தின் மை காயட்டும் என்று காத்திருந்தேன், காய்ந்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். அன்று படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

பத்து நாள் கழித்து, எல்லாத் துறைக்கும் கையேடு போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்க அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனேன்.

"எல்லாத்துக்கும் அனுப்பியாச்சு சார்" என்றார் அவர், வேலை முடித்த திருப்தியோடு. "நீங்க அடிச்ச ஐம்பதும் பத்தல, அதனால எல்லாருக்குமே ஒரே மாதிரி இருக்கட்டும்னு ஜெராக்ஸ் போட்டுட்டோம். கறுப்பு வெள்ளையிலயே தெளிவா விழுந்திருக்கு. ஒரு பக்கம் மட்டும் வெறும் கறுப்பா ஒரு கட்டம் வந்துச்சு, மெசின்ல ஏதோ கோளாறுன்னு அந்தத் தாளை மட்டும் எடுத்துட்டோம்."