தியாகராசாவின் இருமல்

நல்லூரில் எங்கள் ஒழுங்கை மூலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் தியாகராசா. வயது ஐம்பத்தெட்டு. ரியூப் ஒட்டுமுன் அதைத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டை ஒன்றுதானா என்று மூன்று தரம் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் கழுத்தில் வந்த கட்டியை மட்டும் வெறும் நெறிக்கட்டு என்று ஏழு மாதம் விட்டிருந்தார். அது நிணநீர்ப் புற்றுநோய். போதனா வைத்தியசாலையில் மூன்று கிழமைக்கொரு முறை, ஆறு தரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் ஓய்வுபெற்ற தாதி. அவருடனும் மனைவி குணலட்சுமியுடனும் துணைக்குப் போய் வந்தேன்.

நாலு தரம் ஒழுங்காக முடிந்தது. கட்டி பாதிக்கு மேல் கரைந்தது. தலைமயிர் கொட்டியபோது, சீப்பு மிச்சம் என்றார்.

ஐந்தாவது தவணை நல்லூர் முருகன் கோயில் தேருக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. சிக்கல் அங்கேதான். இருபத்தேழு வருடமாகத் தேரன்று விடியற்காலை ஈரவேட்டியோடு கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிறவர் அவர். மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சனக்கூட்டமும் ஈரமண்ணும் அப்போது ஆகாது, கிருமி தொற்றிவிடும். தடிமன், இருமல், காய்ச்சல் என்றால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று போன முறை பக்கத்துக் கதிரையில் இருந்த நோயாளியைப் பார்த்து அறிந்திருந்தார். ஆகவே கிளினிக்குக்குள் போனதும் இருமத் தொடங்கினார்.

பார்த்தவர் டொக்டர் தர்சினி. புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெறுகிற பிள்ளை. காய்ச்சல் பார்த்தார், நெஞ்சை முன்னும் பின்னும் கேட்டார், இரத்த அறிக்கையைப் புரட்டினார். குறை ஒன்றும் இல்லை. பிறகு மேசைப்பக்கம் திரும்பி எழுதினார். இருமல் நின்றுவிட்டது.

“ஐயா, நான் பார்க்கேக்கை மட்டும்தான் இருமுறியள். தேருக்கோ?”

அவர் நிலத்தைப் பார்த்தபடி ஓம், பிரதட்டைக்கு என்றார்.

தர்சினி உள்ளே போய்ப் பெரிய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். மருந்தை இன்றைக்கே ஏற்ற வேண்டும்; கரைந்துவருகிற கட்டிக்கு இடைவெளி கொடுத்தால் திரும்ப வளரக்கூடும். ஆறும் முடிந்து இரத்தமும் சரியாக இருந்தால், அடுத்த வருடம் உருளத் தடையில்லை என்றார்.

“அப்ப இந்த வருசத்து நேர்த்தி?” என்றார் தியாகராசா.

“முருகனுக்கு நான் சொல்லுறன்,” என்றார் குணலட்சுமி. “இந்த முறை நான் அடியழிக்கிறன்.”

பெண்கள் உருள்வதில்லை. அடிக்கு அடி விழுந்து கும்பிட்டபடி வீதியைச் சுற்றுவார்கள்.

“கிணத்தடிக்குப் போகவே நோகுதெண்ட முழங்காலாலையோ?”

“அது உங்கடை வேட்டி தோய்க்கேக்கை நோகிற முழங்கால்.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தியாகராசா சட்டைக்கையை மடித்து ஊசிக்குக் கையை நீட்டினார்.

தேரன்று காலை காய்ச்சல் பார்க்கப் போனேன். இல்லை. வாசல் படலையைப் பார்த்தபடி முற்றத்துக் கதிரையில் இருந்தார். குணலட்சுமி வந்து சேர்ந்தார். முழங்கை வரை மணல், நடையில் நொண்டல். முழுச் சுற்றும் முடித்தாயிற்று என்றபடி, திருநீறு பூசிவிட அவரிடம் கையைக் கொண்டுபோனார்.

“இஞ்சரும், அங்கையே நில்லும். முதல்லை சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவும்.”

குணலட்சுமி என்னைப் பார்த்தார். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.