எட்டாம் மெஷினுக்கு வைத்த பொட்டு

தனமாயாவுக்கு வாய் நீளம் என்று அந்த பனியன் கம்பெனியில் சொல்லாதவர்கள் கிடையாது. நீளம்தான். நேபாளத்து மலையிலிருந்து பத்தொன்பது வயதில் இறங்கி, ரயில் மாறி ரயில் மாறித் திருப்பூர் வந்து சேர்ந்த பெண்ணுக்கு அந்த வாயும் இல்லாவிட்டால் வேறு என்னதான் மிச்சம்?

அவள் ஊரில் அப்போது சண்டை. துப்பாக்கி பிடித்தவர்கள் வீடு வீடாக வந்து வயசுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். பெருமாநல்லூரில் வாட்ச்மேனாக இருந்த அண்ணன் அவளைக் கூட்டி வந்துவிட்டான். பக்கத்துக் கம்பெனியில் கைமடி வேலை கிடைத்தது. டெய்லர் தைத்துத் தள்ளும் பனியனை வாங்கி, நூலை நறுக்கி, மடித்து அடுக்க வேண்டும். எல்லாருக்கும் அவள் ‘கூர்க்கா பொண்ணு’. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். “எனக்குப் பேரு இருக்குங்க” என்பதுதான் அவள் தமிழில் முதலில் தப்பில்லாமல் பேசக் கற்றுக்கொண்டது.

கைமடியாக வந்த எத்தனையோ பேர் டெய்லர் ஆகியிருக்கிறார்கள். டெய்லர் ஆனால்தான் இந்த ஊரில் காலூன்ற முடியும் என்பது அவளுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சின்னத்தாயின் ஓவர்லாக் மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகினாள். சின்னத்தாய் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். “என் ஊசியை ஒடிச்சே, உன் கையை ஒடிச்சிருவேன்” என்று திட்டிக்கொண்டே இடம் விடுவாள். விரலில் ஊசி ஏறிய அன்றும் தனமாயா அந்த இடத்தை விடவில்லை.

2006இல் எட்டாம் நம்பர் மெஷின் காலியானது. அதை ஓட்டிய வேல்விழி கல்யாணமாகிப் போய்விட்டாள். தனமாயா நேராக கான்ட்ராக்டர் சிவராஜிடம் போய்க் கேட்டாள்.

“அதெல்லாம் ஆகாதம்மிணி. இன்னைக்கு இருப்பே, நாளைக்கு ரயிலேறிருவே. அப்பறம் ஆர்டரை ஆரு முடிக்கறது?”

“வேல்விழி இந்த ஊருதானுங்க. அவ போகலீங்களா?”

சிவராஜுக்கு முகம் சிவந்தது. “போய் நூலை வெட்டற வேலையப் பாரு” என்று விரட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். வாயை மூடிக்கொண்டு இரு, தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போவோம், பிடிக்காவிட்டால் அங்கேயே இருந்துகொள் என்றான் அண்ணன். நீ வேண்டுமானால் போ, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் தனியாக ரயிலேறினான். நவராத்திரி தொடங்கிய அன்று அவள் பழைய பெயின்ட் டப்பாவில் மண்ணைப் போட்டு, கோதுமையை விதைத்து, வெயில் படாமல் கட்டிலுக்கு அடியில் மூடி வைத்தாள். இதே நவராத்திரிதான் அவள் ஊரில் தசைன்; அதற்கு இந்த முளையை அங்கே பார்லியில் வளர்ப்பார்கள். பார்லிக்குத் திருப்பூரில் எங்கே போவது?

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மெஷினை அவரவரே துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். வைத்தவர்தான் லீவு முடிந்து வந்து முதல் பீஸ் தைப்பார். ஒருவர் வைத்த பொட்டை இன்னொருவர் அழித்தால் தொழிலுக்கு ஆகாது என்பார்கள். கைமடிகளுக்குக் கத்தரிக்கோல்தான். தனமாயாவின் கத்தரிக்கோல் அன்று பொட்டில்லாமல் கிடந்தது.

முதலாளி சென்னியப்பன் சூடத்தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். எட்டாம் மெஷினுக்கு வந்ததும் முன்னால் போன சிவராஜ் அப்படியே நின்றுவிட்டார். மெஷின் தலையில் தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து பொட்டாக அப்பியிருந்தது. பக்கத்தில் வெளிறிய மஞ்சளில் ஒரு கொத்து முளை.

“என்ன புள்ள இது? சூனியமா?”

“சூனியமா? எங்கூரு முளைப்பாரி மாதிரியில்ல இருக்கு!” என்றாள் ஏழாம் மெஷினிலிருந்து சின்னத்தாய்.

“எங்க ஊர்லயும் இன்னைக்கு மெஷினுக்குப் பூஜைதானுங்க,” என்றாள் தனமாயா. “முளை மட்டும் நாளைக்குத்தான் வெக்கணும். நாளைக்குக் கம்பெனி லீவு. அதான் இன்னைக்கே வெச்சுட்டேன்.”

“உன்னைய ஆரு வெக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. வேண்டாம்னா தொடச்சிருங்க. நான் தொடைக்க மாட்டேன்.”

கையிலிருந்த துணியை அவரிடமே நீட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். வேலை போனால் அண்ணன் பின்னாலேயே ரயிலேற வேண்டியதுதான். ஆனாலும் நீட்டிய கையை இறக்கவில்லை.

சிவராஜ் துணியைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். வாங்கக் கை வரவில்லை.

“சீக்கிரமுங்க சிவராஜு, சூடம் கையைச் சுடுது,” என்றார் முதலாளி. சிவராஜ் ஒதுங்கி நின்றார். எட்டாம் மெஷினுக்கும் தீபாராதனை ஆனது.

லீவு முடிந்து அவள் தைத்த முதல் பீஸ் கோணல். சிவராஜ் அதை மடியில் வீசியெறிந்துவிட்டுப் போனார். பிரித்துத் தைத்தாள். அதுவும் கோணல். மறுபடி பிரித்தாள். இடத்தை விட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் சிவராஜ் கழுவித் துடைத்த தன் மோட்டார் சைக்கிளைக் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எட்டாம் மெஷின் பக்கம் தயங்கித் தயங்கி நின்றார்.

“மாயா, அந்த முளை... வண்டிக்கும் ஒரு கொத்துக் கெடைக்குமா?”

“தர்றேனுங்க,” என்றாள் அவள், தலை நிமிராமல் குங்குமத்தைப் பிசைந்துகொண்டே. “இருங்க. முதல்ல என் மெஷினுக்கு.”